எச்.ஐ.வி தடுப்பு மருந்து ஆய்வுகள்: பாலியல் தொழிலாளர்களின் சம்மதம் எதைப் பொறுத்தது?

புதுதில்லி: எச்.ஐ.வி தொற்றைத் தடுக்க ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே போட்டுக்கொள்ளும் லெனகாபவிர் ஊசி மருந்து, இந்திய நிறுவனங்கள் மூலம் குறைந்த விலையில் கிடைக்கவிருக்கிறது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ ஆகிய இரு நிறுவனங்களும் 2027-ஆம் ஆண்டு முதல் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 40 டாலர் என்ற விலையில் இம்மருந்தை வளரும் நாடுகளுக்கு வழங்கும் என்ற அறிவிப்பு 2025 செப்டம்பரில் வெளியானது. அமெரிக்காவில் இதே மருந்தின் பட்டியல் விலை ஆண்டுக்கு 28,000 டாலருக்கும் அதிகம்.

மருந்து இங்கே தயாராவதாலேயே அது இங்குள்ள பெண்களுக்குப் பயன்பட்டுவிடாது. யாருக்கு, எங்கே, எந்த முறையில் கொடுப்பது என்பதை அறிய இந்தியாவில் ஆய்வுகள் தேவை. அந்த ஆய்வுகளுக்கு முதலில் அழைக்கப்படக்கூடியவர்களில் பாலியல் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். அவர்கள் முன்வருவார்களா என்ற கேள்வி இத்தகைய ஒவ்வொரு ஆய்வுக்கும் முன்பாக எழுவது வழக்கம்.

இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்தவற்றைத் திரும்பிப் பார்த்தால் இதற்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கிறது. உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு, தங்கள் அடையாளம் யாருக்குத் தெரியவரும், ஆய்வு முடிந்த பிறகு மருந்து கிடைக்குமா ஆகிய மூன்று கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் தரப்பட்ட இடங்களில் பெண்கள் வந்தார்கள், இறுதிவரை இருந்தார்கள். பதில் தரப்படாத இடங்களில் ஆய்வுகள் பாதியில் நின்றன. சில தொடங்கவே இல்லை.

ஏன் இவர்களிடம் கேட்கப்படுகிறது?

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் 25.44 லட்சம் பேர் எச்.ஐ.வி தொற்றுடன் வாழ்கின்றனர். அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 68,000 பேருக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டது. வயது வந்தோரில் தொற்று விகிதம் 0.20 சதவீதம். பெண் பாலியல் தொழிலாளர்களிடம் 2021-ஆம் ஆண்டு கண்காணிப்பில் அந்த விகிதம் 1.85 சதவீதமாக இருந்தது. அதாவது, பொது மக்களைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு. நாடு முழுவதும் சுமார் 9.95 லட்சம் பெண்கள் இத்தொழிலில் இருப்பதாக அரசின் கணக்கெடுப்பு மதிப்பிடுகிறது.

ஒரு தடுப்பு மருந்து பயன் தருகிறதா என்று அறிய, புதிய தொற்றுகள் ஏற்படும் வாய்ப்புள்ள மக்களிடம்தான் அதைச் சோதிக்க முடியும். லெனகாபவிர் மருந்தின் முதல் பெரிய ஆய்வு தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 5,300-க்கும் மேற்பட்ட இளம்பெண்களிடம் நடத்தப்பட்டதற்கு அதுவே காரணம். அப்பகுதிகளில் தடுப்பு மருந்து இல்லாத நூறு பெண்களில் ஆண்டுக்கு இரண்டு பேருக்கு மேல் தொற்று ஏற்பட்டுக்கொண்டிருந்தது. ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை என்ற முடிவு 2024 ஜூன் மாதம் வெளியானது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனம் இம்மருந்தைப் பரிந்துரைத்தது.

அந்த ஆய்வின் மையம் எதுவும் இந்தியாவில் இல்லை. மருந்து தொற்றைத் தடுக்கிறதா என்ற அடிப்படைக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதால், இங்கே நடத்த வேண்டிய ஆய்வுகள் வேறு வகையானவை. ஊர் ஊராக இடம்பெயரும் பெண்களால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வர முடியுமா? காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் மருந்து, உடலில் லெனகாபவிர் அளவைக் குறைத்துவிடும் என்பது அறியப்பட்ட உண்மை. காசநோய் பரவலாக உள்ள ஒரு நாட்டில் அதை எப்படிச் சமாளிப்பது? ஊசியை நடுவில் நிறுத்தினால் மருந்தின் எச்சம் மாதக்கணக்கில் உடலில் குறைந்த அளவில் தங்கியிருக்கும். அந்தக் காலத்தில் தொற்று ஏற்பட்டால் வைரஸ் மருந்துக்குக் கட்டுப்படாத தன்மையைப் பெறும் அபாயம் உண்டு. இவற்றுக்கெல்லாம் விடை காண வேண்டுமானால் மருந்தை உண்மையில் பயன்படுத்தப்போகும் பெண்களின் ஒத்துழைப்பு தேவை.

கேட்காமல் எடுக்கப்பட்ட ரத்தம்

இந்தியாவில் எச்.ஐ.வி தொற்றின் வரலாறே பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளிலிருந்துதான் தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் பயின்ற செல்லப்பன் நிர்மலா, அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் சேகரித்த மாதிரிகளில் 1986-ஆம் ஆண்டு முதன்முறையாகத் தொற்று கண்டறியப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அந்த மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டன. மருத்துவ வரலாற்றில் அது ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு. நாட்டின் எய்ட்ஸ் தடுப்புப் பணி அதிலிருந்தே தொடங்கியது.

எதற்காக ரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதை நிர்மலாவே பிற்காலத்தில் அளித்த பேட்டியில் குறிப்பிட்டிருக்கிறார். அக்காலத்தில் அது வழக்கத்துக்கு மாறான செயலாகக் கருதப்படவில்லை. ஆயினும் அதன் விளைவுகளை அனுபவித்தவர்கள் பெண்களே. தொற்று இருப்பதாகக் கண்டறியப்பட்ட சிலர், விடுவிக்கப்பட வேண்டிய காலம் கடந்த பிறகும் தமிழ்நாட்டின் காப்பகங்களில் அடைத்துவைக்கப்பட்டிருந்தனர். சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்குக்குப் பிறகே அவர்கள் விடுதலை பெற்றனர்.

ரத்தப் பரிசோதனைக்கு உடன்படுவது, சிகிச்சைக்குச் செல்லும் வழியாக அமையாமல், அடைத்துவைக்கப்படுவதற்கான காரணமாகவும் மாறலாம் என்ற அனுபவம் இவ்வாறு உருவானது. பிற்காலத்தில் மருத்துவக் குழுக்கள் ரத்தம் எடுக்க வரும்போது எழுந்த சந்தேகங்களை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. அந்தச் சந்தேகங்களுக்கு ஒரு வரலாறு இருந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

புனோம்பென்னில் நின்றுபோன ஆய்வு

தடுப்பு மருந்து ஆய்வுகளின் போக்கை மாற்றிய நிகழ்வு கம்போடியாவில் நடந்தது. எச்.ஐ.வி சிகிச்சைக்குப் பயன்பட்டுவந்த டெனோஃபோவிர் மாத்திரையைத் தொற்று இல்லாதவர்கள் தினமும் உட்கொண்டால் தொற்றைத் தடுக்க முடியுமா என்று அறிய, தலைநகர் புனோம்பென்னில் 960 பாலியல் தொழிலாளர்களிடம் ஆய்வு நடத்தத் திட்டமிடப்பட்டது. அமெரிக்க, ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் அதில் ஈடுபட்டிருந்தனர்.

பெண்கள் ஒற்றுமை வலையமைப்பு என்ற பாலியல் தொழிலாளர் சங்கம் சில நிபந்தனைகளை முன்வைத்தது. நலமாக இருக்கும் தாங்கள் ஒரு மருந்தை உட்கொண்டு அதனால் ஆண்டுகள் கழித்துப் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சைச் செலவை யார் ஏற்பார்கள் என்று சங்கத்தினர் கேட்டனர். பல பத்தாண்டுகளுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. ஆய்வுக் காலத்துக்கு மேல் அத்தகைய உறுதி அளிக்கப்படவில்லை. 2004 ஜூலையில் பாங்காக்கில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில் இப்பிரச்சினை போராட்டமாக வெடித்தது. அடுத்த மாதமே பிரதமர் ஹுன் சென் ஆய்வுக்குத் தடை விதித்தார்.

2005 பிப்ரவரியில் கேமரூன் அரசு, துவாலா நகரில் 400 பாலியல் தொழிலாளர்களிடம் நடந்துகொண்டிருந்த டெனோஃபோவிர் ஆய்வை இடைநிறுத்தியது. பிரெஞ்சு மொழி பேசும் பெண்களுக்கு ஆங்கிலத்தில் தகவல் தாள்கள் தரப்பட்டதாகவும், ஆய்வின்போது தொற்று ஏற்படுவோருக்குச் சிகிச்சை உறுதி செய்யப்படவில்லை என்றும் குற்றச்சாட்டுகள் எழுந்திருந்தன.

இந்த இரு நிகழ்வுகளையும் மருந்துக்கு எதிரான கிளர்ச்சிகள் என்று சிலர் வருணித்தனர். டெனோஃபோவிர் அடங்கிய மாத்திரை உண்மையில் தொற்றைத் தடுக்க வல்லது என்பது பின்னர் நிரூபணமானது. 2012-இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. இருப்பினும் புனோம்பென் பெண்கள் எழுப்பிய கேள்வி அதனால் தவறாகிவிடவில்லை. ஐ.நா. எய்ட்ஸ் திட்ட அமைப்பு, ஆய்வில் சமூகத்தினரைத் தொடக்கம் முதலே பங்கேற்கச் செய்வதற்கான வழிகாட்டு நெறிகளை 2007-இல் வெளியிட்டது. அதன் பின்னணியில் இருந்தவை இந்த அனுபவங்களே. ஆய்வுத் திட்டம் எழுதி முடிக்கப்பட்ட பிறகு சம்மதம் கேட்பதை விட்டு, எழுதும்போதே கேட்க வேண்டும் என்ற கொள்கை அதன் பிறகே உலக அளவில் ஏற்கப்பட்டது.

மருந்தே தீங்கு செய்தபோது

பெண்களின் அச்சம் கற்பனை அல்ல என்பதற்கு ஆய்வுகளின் முடிவுகளே சான்று. நொனாக்ஸினால்-9 என்ற விந்தணுக் கொல்லி களிம்பு, எச்.ஐ.வி தொற்றையும் தடுக்கும் என்ற நம்பிக்கையில் பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் பாலியல் தொழிலாளர்களிடம் சோதிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு டர்பன் மாநாட்டில் வெளியான முடிவுகள் அதிர்ச்சி தந்தன. களிம்பைப் பயன்படுத்தியவர்களிடமே தொற்று அதிகமாக இருந்தது. ஒரே நாளில் பலமுறை பயன்படுத்தியவர்களுக்கு அபாயம் ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்திருந்தது.

இந்தியாவுக்கு நேரடித் தொடர்புடைய நிகழ்வு 2007 ஜனவரியில் நடந்தது. செல்லுலோஸ் சல்பேட் என்ற மற்றொரு களிம்பின் ஆய்வு ஆப்பிரிக்காவில் மூன்று மையங்களிலும், சென்னையிலும், கர்நாடகத்தின் பாகல்கோட்டிலும் நடந்துகொண்டிருந்தது. தொற்று அபாயம் மிகுந்த சுமார் 1,400 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வு, மருந்து பெற்றவர்களிடம் தொற்று கூடுதலாகக் காணப்பட்டதால் அவசரமாக நிறுத்தப்பட்டது. மருந்து பெற்ற பிரிவில் 25 பேருக்கும், மருந்தில்லாத களிம்பு பெற்ற பிரிவில் 16 பேருக்கும் தொற்று ஏற்பட்டிருந்தது. இறுதிக் கணக்கீட்டில் இந்த வேறுபாடு புள்ளியியல் அடிப்படையில் உறுதியாகவில்லை. எனினும் களிம்பு பாதுகாப்பளிக்கவில்லை என்பது தெளிவாயிற்று.

இரு ஆய்வுகளிலும் ஆணுறைகள் வழங்கப்பட்டன, ஆலோசனையும் அளிக்கப்பட்டது. ஆனால் தடுப்பு ஆய்வுகளுக்குள் ஓர் இயல்பான முரண்பாடு உண்டு. எவருக்கும் தொற்று ஏற்படக்கூடாது என்று ஆலோசகர் முயல்கிறார். தொற்றுகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டே மருந்தின் பலனைப் புள்ளியியலாளர் கணக்கிடுகிறார். களிம்போ மாத்திரையோ கொடுத்துவிட்டார்கள் என்ற நம்பிக்கையில், ஆணுறை இல்லாமல் கூடுதல் பணம் தருவதாகச் சொல்லும் வாடிக்கையாளருக்கு ஒரு பெண் இணங்கிவிடவும் கூடும். அவள் கையில் இருப்பது இன்னும் நிரூபிக்கப்படாத மருந்து, ஒருவேளை மருந்தே இல்லாத களிம்பு என்பதை அவளுக்குப் புரியவைப்பதே சம்மதம் பெறும் பணியின் மிகக் கடினமான பகுதி.

கொல்கத்தாவும் மைசூரும் காட்டிய வழி

கொல்கத்தாவின் சோனாகாச்சி பகுதியில் 1992-இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய திட்டம், பாலியல் தொழிலாளர்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கியது. 1995-இல் அப்பெண்கள் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற சொந்த அமைப்பை உருவாக்கினர். வட்டிக்காரர்களிடமிருந்து விடுபடக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றையும் நிறுவினர். 1999-இல் சுகாதாரத் திட்டத்தின் நிர்வாகமே அவர்களிடம் வந்தது. கர்நாடகத்தின் மைசூரில் 2005-ஆம் ஆண்டு உருவான அசோதயா சமிதி, அதே வழியில் வளர்ந்த மற்றொரு பாலியல் தொழிலாளர் அமைப்பு.

தினசரித் தடுப்பு மாத்திரையை இந்தியாவில் சோதித்துப் பார்க்கும் செயல்விளக்க ஆய்வுகளை இந்த இரு அமைப்புகளே முன்னின்று நடத்தின. மாத்திரை வருவதற்கு நீண்ட காலம் முன்பே பெண்களிடம் கலந்தாலோசனைகள் நடந்தன. பக்க விளைவுகள், குடும்பத்தினருக்குத் தெரிந்துவிடும் அபாயம், ஆணுறைப் பயன்பாடு குறைந்துவிடுமோ என்ற கவலை ஆகியவை வெளிப்படையாகப் பேசப்பட்டன. மாத்திரை விநியோகத்திலும், தவறாமல் உட்கொள்கிறார்களா என்று விசாரிப்பதிலும் சக தொழிலாளர்களே ஈடுபட்டனர்.

இரு நகரங்களிலும் சேர்த்து 1,300-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர். பெரும்பாலானோர் இறுதிவரை தொடர்ந்தனர். பங்கேற்றவர்களிடம் புதிய தொற்று எதுவும் பதிவாகவில்லை. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத ஆய்வு என்பதால் மருந்தின் ஆற்றலுக்கு இதை நிரூபணமாகக் கொள்ள முடியாது. அது அந்த ஆய்வின் நோக்கமும் அல்ல. பெண்கள் வருவார்களா, தொடர்வார்களா என்ற கேள்விக்கு அது அளித்த விடை தெளிவானது.

புனோம்பென்னில் நிறுத்தப்பட்ட மாத்திரையிலும் கொல்கத்தாவில் ஏற்கப்பட்ட மாத்திரையிலும் இருந்த அடிப்படை மருந்து ஒன்றே. இடைப்பட்ட ஆண்டுகளில் மருந்தின் பலன் நிரூபிக்கப்பட்டிருந்தது என்பது ஒரு முக்கியமான வேறுபாடு. பெண்களிடம் கேள்வி கேட்பதற்கான அமைப்பும், பதில் திருப்தி தராவிட்டால் மறுப்பதற்கான பலமும் ஏற்கெனவே இருந்தன என்பது மற்றொன்று.

தயக்கத்தின் நடைமுறைக் காரணங்கள்

ஆய்வில் சேரத் தயங்குவதற்கான காரணங்கள் பெரும்பாலும் அன்றாட வாழ்க்கை சார்ந்தவை. தடுப்பு மாத்திரையில் உள்ள மருந்து, எச்.ஐ.வி தொற்றாளர்களின் சிகிச்சையிலும் பயன்படுகிறது. வீட்டில் மாத்திரைக் குப்பி கண்ணில் பட்டால் கணவரோ வீட்டுக்காரரோ விடுதி நடத்துபவரோ அவளுக்குத் தொற்று இருப்பதாகவே முடிவு செய்வார்கள். தன் தொழிலைக் குடும்பத்திடமிருந்து மறைத்துவைத்திருக்கும் பெண்ணுக்கு அந்தக் குப்பி இரட்டை ஆபத்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கும். இம்மருந்தின் மீது எதிர்பார்ப்பு கூடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது நேரம். மையத்துக்கு வந்து, ரத்தம் கொடுத்து, ஆலோசனை முடித்துத் திரும்புவதற்குள் ஒரு நாள் வருமானம் போய்விடும். தொழில் பெரிதும் கைப்பேசிக்கு மாறிவிட்ட நிலையில், விடுதிப் பகுதிகளைச் சுற்றி அமைந்த பழைய மையங்கள் பலருக்கு எட்டாதவை. ஆய்வின் நடுவில் வேறு ஊருக்குச் செல்லும் பெண்ணைப் பின்தொடர வேண்டுமானால் அவளது முகவரியும் கைப்பேசி எண்ணும் வேண்டும். அவள் வெளியிட அஞ்சுவதும் அவற்றைத்தான்.

சட்டம் பற்றிய அச்சமும் இதனுடன் இணைந்தது. வயது வந்த பெண் தன் விருப்பத்தின்பேரில் இத்தொழிலில் ஈடுபடுவதை 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கவில்லை. ஆனால் விடுதி நடத்துவதும் பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைப்பதும் குற்றங்கள். ஆய்வு மையத்தின் அட்டை ஒன்று காவலர் கையில் சிக்கினால் அது எதற்குச் சான்றாகும் என்ற கேள்வி எழுகிறது. பாலியல் தொழிலாளர்களும் கண்ணியத்துக்கு உரியவர்கள் என்று 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, ஆணுறை போன்ற உடல்நலப் பாதுகாப்புப் பொருட்களைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்ற பரிந்துரையையும் உள்ளடக்கியது. ஆய்வு அட்டைக்கும் மருந்துக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்பது காவல் நிலைய அளவில் எழுத்துபூர்வமாகத் தெரிவிக்கப்படுவது அவசியம்.

பணம் வாங்கித் தரும் சம்மதம்

ஆய்வில் சேர விருப்பமா என்று முன்கூட்டியே கேட்கும் கணக்கெடுப்புகளில் பெரும்பாலானோர் ஆம் என்று சொல்வது உலகெங்கும் காணப்படும் போக்கு. உண்மையில் பெயர் பதிவு செய்யும் நாளில் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. கேள்வி கேட்பவர் பெரும்பாலும் ஆணுறையும் இலவசச் சிகிச்சையும் தரும் மையத்தைச் சேர்ந்தவர். அவர் மனம் கோணக்கூடாது என்பதற்காகவும் ஒருவர் தலையசைக்கக்கூடும். அத்தகைய எண்ணிக்கையை விருப்பத்தின் அளவீடாகக் கொள்வது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

வறுமையும் விருப்பத்தைப் போலவே தோற்றமளிக்கும். கொரோனா ஊரடங்கில் வருமானம் அடியோடு நின்றபோது, அடையாளச் சான்று கேட்காமல் பாலியல் தொழிலாளர்களுக்கு உணவுப் பொருட்கள் வழங்குமாறு 2020 செப்டம்பரில் மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. அத்தகைய காலத்தில் பணம் தரும் எந்த ஆய்வுக்கும் ஆட்கள் கிடைத்திருப்பார்கள். அதைச் சுதந்திரமான சம்மதம் என்று கூற இயலாது.

அதே சமயம், ஏழைகள் என்பதால் எதுவும் தராமல் விடுவதும் நியாயமாகாது. பயணச் செலவையும் இழந்த வருமானத்தையும் ஈடுகட்டுவது வேறு. அபாயத்தை மறக்கச் செய்யும் அளவுக்குப் பணத்தைக் காட்டுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லையை நகரத்து நெறிமுறைக் குழு தனியாக வரைந்துவிட முடியாது. ஒரு நாள் வருமானம் எவ்வளவு என்பதை அந்தப் பெண்களே அறிவார்கள்.

சட்டம் தருவதும் தராததும்

மருந்து ஆய்வுகள் குறித்த இந்தியச் சட்டங்கள் கடந்த பத்தாண்டுகளில் வலுப்பெற்றுள்ளன. ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்கு எச்.பி.வி தடுப்பூசி போடப்பட்ட திட்டத்தில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தது தெரியவந்து, 2010-இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அதையொட்டி எழுந்த விவாதங்களும் உச்ச நீதிமன்ற வழக்குகளும் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகளுக்கு வழிவகுத்தன.

இவ்விதிகளின்படி, புதிய வேதிப்பொருள் மருந்துகளின் ஆய்வில் நலிந்த பிரிவினரிடம் சம்மதம் பெறும்போது அதை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். எச்.ஐ.வி, தொழுநோய் மருந்துகளின் ஆய்வுகளில் மட்டும் முகம் தெரியாதபடி ஒலிப்பதிவு போதும். பங்கேற்பாளரின் அச்சத்தைச் சட்டம் புரிந்துகொண்டதற்கு இது ஓர் அடையாளம். ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் கட்டாயம். சம்மதமின்றி எச்.ஐ.வி பரிசோதனையோ ஆய்வோ நடத்தக்கூடாது என்று 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டமும் கூறுகிறது.

இருந்தும் முக்கியமான இடைவெளி ஒன்று உள்ளது. ஆய்வு முடிந்த பிறகு பங்கேற்பாளருக்கு மருந்தைத் தொடர்ந்து இலவசமாக வழங்க விதிகள் வகை செய்கின்றன. ஆனால் மாற்றுச் சிகிச்சை இல்லாத நிலைமைக்கே அது பொருந்தும். நோயாளிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட இந்த வரியைத் தடுப்பு மருந்துக்குப் பொருத்திப் பார்த்தால், ஆணுறையும் மாத்திரையும் மாற்றாக உள்ளன என்று கூறி ஊசியை நிறுத்திவிட வழியிருக்கிறது. ஆய்வுக் காலத்தில் ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டால், அது ஆய்வு சார்ந்த பாதிப்பாகக் கருதப்படுமா என்பதையும் ஒவ்வொரு ஆய்வுத் திட்டமும் தனியே சொல்லியாக வேண்டும். அரசு மையங்களில் 2004 முதல் எச்.ஐ.வி சிகிச்சை இலவசம் என்பது ஆறுதலான செய்தி. ஆனால் அது நாட்டின் எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள உரிமை. ஆய்வுக்கு உடலைத் தந்தவருக்கு அளிக்கப்படும் ஈடு ஆகாது.

ஆய்வு முடிந்த மறுநாள்

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, அந்நிதியில் தென்னாப்பிரிக்காவில் நடந்துவந்த சில எச்.ஐ.வி தடுப்பு ஆய்வுகளும் திடீரென நின்றன. பங்கேற்றவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. எவரும் விலகவும் இல்லை. வாஷிங்டனில் எடுக்கப்பட்ட முடிவு அவர்களின் மையத்தை மூடியது. மாதக்கணக்கில் உடலில் தங்கும் ஊசி மருந்துகளைப் பொறுத்தவரை இத்தகைய திடீர் நிறுத்தம் வெறும் நிர்வாகச் சிக்கல் ஆகாது. மேலே குறிப்பிட்ட மருந்து எதிர்ப்புத் தன்மையின் அபாயம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தியாவுக்கு இவ்விஷயத்தில் ஒரு சாதகம் உண்டு. மருந்து இந்திய நிறுவனங்களிடமே கிடைக்கவிருக்கிறது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் செலவில் பெரும்பகுதியை மத்திய அரசே ஏற்கிறது. கொல்கத்தாவிலும் மைசூரிலும் அனுபவம் பெற்ற பாலியல் தொழிலாளர் அமைப்புகள் உள்ளன. வெளிநாட்டு நிதி நின்றுபோனாலும் பங்கேற்பாளர்களுக்கு மருந்தைத் தொடர்ந்து வழங்குவதாக அரசு உறுதியளித்தால், உலகில் சில நாடுகளால் மட்டுமே தரக்கூடிய வாக்குறுதியாக அது அமையும்.

அதற்கு முதல் பங்கேற்பாளரின் பெயர் பதிவாவதற்கு முன்பே சில விவரங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். தீங்கு நேர்ந்தால் எத்தனை ஆண்டுகள் வரை சிகிச்சை, ஆய்வுக்குப் பின் எவ்வளவு காலம் மருந்து, இடம்பெயர்ந்தால் எந்த ஊரில் அடுத்த ஊசி, பெயரும் முகவரியும் யாரிடம் எத்தனை காலம் இருக்கும் ஆகியவை அவை. நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் இருக்க வேண்டும், அவர்களில் ஒரு பெண்ணும் மருத்துவத் துறை சாராத ஒருவரும் இடம்பெற வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. பாலியல் தொழிலாளர்களிடம் நடக்கும் ஆய்வைப் பரிசீலிக்கும் குழுவில் அவர்களின் பிரதிநிதி ஒருவரை அமர்த்துவதற்கு எந்த விதியும் தடையாக இல்லை. வங்காளமோ கன்னடமோ மராத்தியோ தெலுங்கோ, அவர்கள் பேசும் மொழியில் அந்த விவரங்கள் படித்துக் காட்டப்பட வேண்டும்.

விவரங்களைக் கேட்டபின் சிலர் மறுக்கவும் செய்வார்கள். மறுத்தவர்களுக்கும் அதே மையத்தில் ஆணுறையும் பரிசோதனையும் சிகிச்சையும் முன்பு போலவே கிடைக்க வேண்டும். அது உறுதியாக இருக்கும் இடத்தில்தான், சேர்ந்தவர்களின் சம்மதத்தையும் நம்ப முடியும்.